நாய் விடுதிக்கு அனுமதி: கடிதம் யார் வீட்டுக்கு வருகிறது?

நாய்களைப் பகலில் பார்த்துக்கொள்ளவும் இரவில் தங்க வைக்கவும் ஒருவர் விடுதி தொடங்க விரும்புகிறார். அதற்காக நகரசபையின் கமிஷன் கூடுகிறது. விசாரணை நடக்கிறது. அண்டை அயலார் எழுந்து பேசுகிறார்கள். கடைசியில் வாக்கெடுப்பு! அமெரிக்காவின் சிற்றூர்களில் இது சர்வசாதாரணமான செய்தி. நம் தோழர்களுக்குச் சிரிப்பு வரலாம். மனிதனுக்கே ஒண்டக் குடிசை இல்லாத உலகத்தில் நாய்க்கு விடுதியா, அதற்கொரு விசாரணையா என்று கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினால் நஷ்டம் நமக்குத்தான்.

ஏனெனில் அந்த மண்டபத்தில் நாயின் பெயரால் பேசப்படுவது நிலத்தைப் பற்றி. ஒரு துண்டு நிலத்தில் எந்தத் தொழில் நடக்கலாம், எது நடக்கக் கூடாது, அதைத் தீர்மானிக்கும்போது யாரைக் கேட்பது, யாரைக் கேட்காமல் விடுவது என்பதே அங்குள்ள விவகாரம். இந்த விவகாரம் எந்த நாட்டில் எழுந்தாலும் உழைப்பவன் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

யாருக்காக இந்த விடுதி?

அமெரிக்காவில் ஏறக்குறைய 9 கோடி நாய்கள் வளர்க்கப்படுகின்றன என்பது அந்நாட்டுக் கால்நடை மருத்துவர் சங்கம் 2024-இல் வெளியிட்ட மதிப்பீடு. அத்தனையும் சீமான் வீட்டு நாய்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஆஸ்பத்திரியில் 12 மணி நேரம் நிற்கும் நர்ஸ் வீட்டிலும் நாய் உண்டு. நாட்கணக்கில் சாலையிலே கிடக்கும் லாரி டிரைவர் வீட்டிலும் உண்டு. புருஷனும் மனைவியும் வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில், பூட்டிய வீட்டுக்குள் நாய் நாளெல்லாம் குரைத்துக்கொண்டு கிடக்கிறது. காலையில் கொண்டுவந்து விட்டு மாலையில் அழைத்துப் போக ஓர் இடம் வேண்டும் என்ற தேவை அப்படித்தான் பிறந்தது. வெளியூர் போகும்போது நாலு நாள் தங்க வைக்கவும் இடம் வேண்டியிருக்கிறது. எனவே இந்தத் தொழிலை வெறும் பணக்கார விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் ஒரே கட்டடத்தில் 50 நாய்கள் சேர்ந்தால் என்ன ஆகும்? ஒன்று குரைத்தால் ஐம்பதும் குரைக்கும். கழிவு சேரும். அதைக் கழுவிய தண்ணீர் எங்கேயாவது போக வேண்டும். காலையிலும் மாலையிலும் தெரு முழுவதும் மோட்டார் கார்கள் நிற்கும். இரவு ஷிப்டு முடித்துவிட்டுப் பகலில் கண்ணயரும் தொழிலாளி அடுத்த கட்டடத்தில் இருந்தால் அவன் தூக்கம் போயிற்று. ஆகவே கண்ட இடத்தில் இதைத் தொடங்க விடக்கூடாது, பரிசீலித்துத்தான் அனுமதி தர வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை.

அனுமதி எப்படிக் கிடைக்கிறது?

அமெரிக்க நகரங்கள் தங்கள் எல்லைக்குட்பட்ட நிலத்தை மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. இது குடியிருப்பு மண்டலம், இது வியாபார மண்டலம், இது தொழிற்சாலை மண்டலம் என்று வரைபடத்தில் வர்ணம் தீட்டியிருக்கும். ஒவ்வொரு மண்டலத்திலும் சில தொழில்களுக்குத் தடையில்லை; சில தொழில்களுக்கு இடமே இல்லை; சிலவற்றுக்கு நிபந்தனையோடு அனுமதி. நாய் விடுதி பல ஊர்களில் இந்த மூன்றாவது பட்டியலில் வருகிறது.

மனு கொடுக்க வேண்டும். திட்ட இலாகா அதைப் பரிசீலித்து அறிக்கை எழுதும். பிறகு பகிரங்க விசாரணை. எத்தனை நாய்களுக்கு மேல் கூடாது, இரவு எத்தனை மணிக்கு எல்லா நாய்களையும் உள்ளே அடைக்க வேண்டும், வேலி எத்தனை அடி உயரம், கழிவை எப்படி அகற்றுவது, கார்கள் எங்கே நிற்பது என்றெல்லாம் நிபந்தனைகள் எழுதப்படும். நிபந்தனையை மீறினால் அனுமதியை ரத்து செய்யலாம்.

நிபந்தனை என்பது வெறும் காகிதம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2021 செப்டம்பரில் டெக்ஸாஸ் மாகாணத்தின் ஜார்ஜ்டவுன் நகரில் ஒரு நாய் விடுதியில் இரவு நேரத்தில் தீப்பிடித்து 75 நாய்கள் மாண்டன. அப்போது உள்ளே ஊழியர் ஒருவரும் இல்லை. தீப்பற்றினால் தானாகவே தண்ணீர் தெளிக்கும் குழாய் அமைப்பும் அந்தக் கட்டடத்தில் இல்லை. இரவுக் காவலுக்கு ஓர் ஆள், கூரையில் ஒரு குழாய் என்று எழுதி வாங்கும் இரண்டு வரிகளுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அந்த இரவு காட்டிற்று.

இதுவரை சரி. மனு, அறிக்கை, விசாரணை, நிபந்தனை, எல்லாம் பார்வைக்கு ஜனநாயகம்தான். இனிமேல்தான் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

கடிதம் வராத வீடு

கலிபோர்னியா மாகாணச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். நிபந்தனை அனுமதி பற்றிய விசாரணைக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பு, அந்த இடத்தைச் சுற்றி 300 அடிக்குள் இருப்பவர்களுக்குத் தபாலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம். மிக நல்ல ஏற்பாடு என்று தோன்றுகிறதல்லவா? யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் படியுங்கள். 300 அடிக்குள் இருக்கும் நிலத்தின் சொந்தக்காரர்களுக்கு! வரிப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுக்கு!

கலிபோர்னியாவில் ஏறக்குறைய பாதிக் குடும்பங்கள் வாடகை வீட்டில் இருப்பவை. அமெரிக்கா முழுவதும் பார்த்தால் மூன்றில் ஒரு குடும்பத்துக்குக் குறையாது. ஒரு மாடிக் கட்டடத்தில் 40 குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நாய் விடுதி வந்தால் குரைப்பைக் கேட்கப் போவது அந்த 40 குடும்பங்கள். மாகாணச் சட்டப்படி கடிதம் போவதோ, கட்டடத்தின் சொந்தக்காரர் ஒருவருக்கு. அவர் 300 மைலுக்கு அப்பால் கடற்கரை பங்களாவில் இருக்கலாம். அவர் காதில் ஒரு குரைப்பும் விழாது. இருந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு ‘அண்டை வீட்டார்’ அவரே! சுவருக்கு இந்தப் பக்கம் குழந்தையைத் தூங்க வைக்கப் போராடும் தாய் அண்டை வீட்டாரில் சேர்த்தி இல்லை!

பத்திரிகையில் விளம்பரமும் உண்டு, அல்லது பொது இடங்களில் அறிவிப்பு ஒட்டுவதும் உண்டு என்பார்கள். உண்மை. விசாரணையில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம் என்பார்கள். அதுவும் உண்மை. சில நகரங்கள் தங்கள் சொந்த விதியின்படி வாடகைக்கு இருப்போருக்கும் கடிதம் அனுப்புகின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மாகாணச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது எதை? வீட்டு வாசலுக்கு வரும் கடிதம் சொத்துள்ளவனுக்கு. மூலையில் வெளியாகும் விளம்பரம் சொத்தில்லாதவனுக்கு. கூட்டம் நடப்பதே தெரியாதவனுக்குப் பேசும் உரிமை இருந்து என்ன பயன்? தெரிந்தாலும், மாலை வேலைக்குப் போகிறவன் மாலைக் கூட்டத்துக்கு எப்படி வருவான்? ஒரு நாள் கூலியை இழந்தால்தான் மூன்று நிமிஷம் பேசலாம் என்றால், அந்த மூன்று நிமிஷத்தின் விலை அவனுக்கு மட்டும் அதிகம்.

சுவருக்கு உள்ளே இருப்பவன்

இன்னொருவனும் இருக்கிறான். அவனை அந்த மண்டபத்தில் யாருமே நினைப்பதில்லை. விடுதிக்குள் நாய்களுக்குத் தண்ணீர் வைத்து, தரையைக் கழுவி, கடித்தால் கடியை வாங்கிக்கொண்டு நிற்கும் தொழிலாளி அவன். அந்த நாட்டில் மிகக் குறைந்த கூலி தரும் வேலைகளில் இதுவும் ஒன்று. மத்திய சர்க்காரின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 செண்ட் என்று 2009-இல் நிர்ணயிக்கப்பட்டது. அதன் பிறகு ஒரு செண்டும் ஏறவில்லை. பல மாகாணங்கள் தாமாகவே கூட்டியிருக்கின்றன. கூட்டாத மாகாணங்களும் இருக்கின்றன.

அண்டை வீட்டார் சத்தத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நிபுணர் கருவியோடு வந்து அளக்கிறார். எங்கே வைத்து அளக்கிறார்? நிலத்தின் எல்லைக் கோட்டில்! எல்லைக்கு வெளியே இத்தனை டெசிபலைத் தாண்டக் கூடாது என்று நிபந்தனை எழுதப்படுகிறது. நாய்க் கொட்டடிக்குள்ளே 100 டெசிபலுக்கு மேல் சத்தம் எழுவதை ஆராய்ச்சியாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். தொழிற்கூடத்தில் 8 மணி நேரச் சராசரி 85 டெசிபலை எட்டினாலே தொழிலாளியின் காதைப் பாதுகாக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அமெரிக்க மத்திய சர்க்காரின் விதி. 300 அடி தூரத்தில் இருக்கும் சொத்துக்காரனின் காதுக்கு விசாரணை. ஓரடி தூரத்தில் நிற்கும் தொழிலாளியின் காதுக்கு மௌனம்!

இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரைத் தடிப்பாகக் கட்டுகிறார்கள். வெளியே சத்தம் குறைகிறது. உள்ளே குறைகிறதா? இல்லை. கழுவ வசதியாக வழவழப்பான தரை, வழவழப்பான சுவர். ஒரு குரைப்பு மோதி மோதி எதிரொலிக்கிறது. கூரையிலும் சுவரின் மேற்பகுதியிலும் ஒலியை உறிஞ்சும் பலகை பதித்தால் உள்ளேயும் சத்தம் தணியும். தொழிலாளிக்கும் நல்லது, நாய்க்கும் நல்லது. “சுவர் தடிப்பாக இருக்கட்டும்” என்று எழுதும் அதே பேனா “உள்ளே பலகை பதிக்கட்டும்” என்று இன்னொரு வரி எழுத எத்தனை நேரம் ஆகும்? அது தொழிலாளர் இலாகாவின் விஷயம், எங்கள் விஷயம் அல்ல என்று நகரசபை சொல்லும். கட்டடம் எழும்பிய பிறகு இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்காகத் தொழிலாளி காத்திருக்க வேண்டும். அதற்குள் அவன் காது போய்விடும்.

இந்தச் சட்டம் பிறந்த கதை

சொத்துள்ளவனுக்குக் கடிதம், மற்றவனுக்கு விளம்பரம் என்ற ஏற்பாடு தற்செயலாக வந்தது என்று எண்ண வேண்டாம். அந்நாட்டில் இந்த அனுமதி முறை வளர்ந்த சரித்திரத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

1880-இல் சான் பிரான்சிஸ்கோ நகரம் ஒரு சட்டம் போட்டது. செங்கல் அல்லது கல் கட்டடத்தில் இல்லாத சலவைக் கடைகள் நகரசபையின் அனுமதி பெற வேண்டும் என்றது. தீ விபத்து பயம்தான் காரணம் என்றார்கள். அப்போது நகரில் இருந்த சலவைக் கடைகள் சுமார் 320. அவற்றில் சுமார் 310 மரக்கட்டடங்கள். சுமார் 240 கடைகள் சீனருடையவை. சீனர்கள் சுமார் 200 பேர் மனுப் போட்டார்கள், அத்தனையும் நிராகரிப்பு! சீனரல்லாதவர் 80 பேருக்கு மேல் மனுப் போட்டார்கள். ஒருவரைத் தவிர அனைவருக்கும் அனுமதி! ஒரே மரம், ஒரே அடுப்பு, ஒரே தீ. தோல் மட்டும் வேறு. 22 ஆண்டுகளாக ஒரே இடத்தில் துணி வெளுத்த ஒருவர் கைதாகி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1886-இல் யிக் வோ வழக்கு என்ற பெயரால் அறியப்படும் தீர்ப்பு வந்தது. சட்டத்தின் வாசகம் நடுநிலையாக இருந்தாலும் அதை ஓர் இனத்துக்கு எதிராகப் பிரயோகித்தால் செல்லாது என்றது நீதிமன்றம்.

அடுத்து, கெண்டகி மாகாணத்தின் லூயிவில் நகரம் 1914-இல் இன்னும் பச்சையாகவே எழுதியது. வெள்ளையர் அதிகமாக உள்ள தெருவில் நீக்ரோக்கள் குடிவரக் கூடாது என்று அந்நாள் வழக்குச் சொல்லால் குறிக்கப்பட்ட கறுப்பின மக்களை நகரச் சட்டத்தாலேயே தடுத்தது. 1917-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இனத்தின் பெயரைச் சொல்லித் தடுக்க முடியாது என்றானதும், பணத்தின் பெயரால் தடுக்கும் வழி பிறந்தது.

ஓஹையோ மாகாணத்தில் கிளீவ்லண்ட் நகரை ஒட்டிய யூக்ளிட் கிராமம் 1922-இல் நிலத்தை மண்டலங்களாகப் பிரித்தது. தனி வீடுகள் மட்டுமே இருக்கலாம் என்று ஒரு மண்டலம். பல குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் மாடிக் கட்டடத்துக்கு அங்கே இடமில்லை. 68 ஏக்கர் வைத்திருந்த ஒரு நிலக் கம்பெனி வழக்குப் போட்டது. கீழ்நீதிமன்றம் 1924-இல் அந்தச் சட்டத்தைத் தள்ளியது. மக்களை வருமானப்படி பிரித்து வைப்பதே இதன் விளைவு என்று நீதிபதி வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் 1926-இல் உச்ச நீதிமன்றம் ஆறு நீதிபதிகளுக்கு மூவர் என்ற கணக்கில் சட்டத்தை ஏற்றது. தனி வீடுகளுக்கு நடுவே எழும் மாடிக் குடியிருப்பு அந்த வட்டாரத்தின் வசதியை உறிஞ்சும் ஒட்டுண்ணி என்ற பொருள்படவே அத்தீர்ப்பு எழுதிற்று. வாடகைக்காரன் வசிக்கும் கட்டடம் ஒட்டுண்ணியாம்! நாடெங்கும் பரவிய மண்டலச் சட்டத்துக்கு அஸ்திவாரம் இந்தத் தீர்ப்பு. அஸ்திவாரத்திலேயே ஒட்டுண்ணி என்று எழுதப்பட்டவனுக்கு இன்று கடிதம் வரவில்லையென்றால் ஆச்சரியமென்ன?

சட்டத்தையே கிழித்துவிடலாமா?

அப்படியானால் அனுமதியும் வேண்டாம், மண்டலமும் வேண்டாம், அவரவர் நிலத்தில் அவரவர் இஷ்டம் என்று விட்டுவிடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். முதலாளிகள் இதை இனிக்க இனிக்கச் சொல்கிறார்கள். டெக்ஸாஸ் மாகாணத்து ஹூஸ்டன் மாநகரைப் பாருங்கள். மண்டலச் சட்டத்தை 1948, 1962, 1993 ஆகிய மூன்று ஆண்டுகளில் வாக்கெடுப்பில் அந்நகரம் நிராகரித்தது. அங்கே கட்டுப்பாடே இல்லையா? இருக்கிறது. நிலப் பத்திரத்திலேயே சொத்துக்காரர்கள் எழுதிவைத்துக்கொண்ட நிபந்தனைகள் ஆள்கின்றன. அப்படிப் பத்திரம் எழுதிப் பாதுகாத்துக்கொள்ளும் பேட்டையில் ஆலை வராது, குப்பை மேடு வராது, நாய் விடுதியும் வராது. பத்திர பலம் இல்லாத ஏழைப் பேட்டைக்கு அந்த அரண் இல்லை. பொதுச் சட்டத்தை எடுத்துவிட்டால் தனியார் சட்டம் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு விசாரணையும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை.

ஆகவே பொதுச் சட்டம் இருக்கட்டும்; அதன் கதவு அகலமாகட்டும் என்பதே நம் நிலை. அது நடக்காத காரியம் என்று சொல்ல முடியாது. இங்கிலாந்தில் 1947-இல் தொழிற்கட்சி சர்க்கார் கொண்டுவந்த நகர, கிராமத் திட்டச் சட்டம், நிலத்தில் புதிதாக எதைச் செய்யவும் பொது அனுமதி வேண்டும் என்று ஆக்கியது. இன்று அங்கே அனுமதி மனு வந்தால், அந்த இடத்திலேயே 21 நாட்கள் அறிவிப்பு ஒட்டலாம். அல்லது பக்கத்தில் இருப்போருக்குக் கடிதம் அனுப்பலாம். அந்த விதியில் ‘சொந்தக்காரர் அல்லது குடியிருப்பவர்’ என்று எழுதியிருக்கிறது. குடியிருப்பவர்! ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லுக்குள் வாடகைக்காரன் நிற்க இடம் இருக்கிறது.

நிலத்துக்கான அனுமதியோடு முடிந்துவிடுவதுமில்லை. நாய்ப் பகல் காப்பகமும் விடுதியும் நடத்த ஸ்தல ஸ்தாபனத்தின் லைசென்ஸ் தனியே வேண்டும் என்று 2018 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் ஒரே மாதிரியான விதி அமுலில் இருக்கிறது. பரிசோதனை நடத்தி ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கிறார்கள்; தரத்தைப் பொறுத்து ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை லைசென்ஸ். போதுமான ஊழியர் இருக்க வேண்டும், அவர்களுக்குப் பயிற்சி தர எழுத்தில் ஒரு திட்டம் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. பிராணிகளின் நலனுக்காக எழுதிய விதிதான். இருந்தாலும், பத்து ஆள் செய்யும் வேலையை இரண்டு ஆளிடம் வாங்கும் முதலாளிக்கு அது ஒரு கடிவாளம்.

கலிபோர்னியாவிலும் வெளிச்சம் இல்லாமல் இல்லை. 1974-இல் டோபாங்கா வழக்கில் அம்மாகாண உச்ச நீதிமன்றம், நில அனுமதி பற்றி முடிவு செய்யும் சபை தன் முன் வைக்கப்பட்ட சாட்சியத்திலிருந்து அந்த முடிவுக்கு எப்படி வந்தது என்பதைக் காட்டும் காரணங்களைத் தர வேண்டும் என்றது. காரணம் எழுத வேண்டும் என்றால் கள்ள நோக்கத்துக்கு இடம் குறையும். சான் பிரான்சிஸ்கோ சலவைத் தொழிலாளிகளுக்கு 1880-களில் அந்தக் காரணத்தைக் கேட்கும் உரிமை இருந்திருந்தால், 200 நிராகரிப்புக்கும் நகரசபை என்ன எழுதியிருக்கும்?

நமக்கு என்ன?

கடல் கடந்த நாட்டு நாய்க் கதை நமக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையிலும் கோவையிலும் நாய்களைப் பகலில் விட்டுச் செல்லும் விடுதிகள் வந்துவிட்டன. நாளை உங்கள் தெருவிலும் வரும். இன்று நாய் விடுதி. நாளை மறுநாள் பட்டறை, கிடங்கு, கல்யாண மண்டபம், மதுக்கடை. 1920-ஆம் ஆண்டு சென்னை நகரத் திட்டச் சட்டம் தொட்டு நிலத்தைப் பற்றி நம் நாட்டிலும் சட்டங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு கமிட்டி, பகுதி சபை அமைக்க 2022-இல் விதிகள் வந்தன. பெயர்ப் பலகையோடு அவை நின்றுவிடுமா, நம் ஜனங்கள் உள்ளே போய் உட்காருவார்களா என்பது நம் ஊழியர்களைப் பொறுத்தது.

நாம் கேட்க வேண்டியவை நாலு. எந்தத் தொழிலுக்கு அனுமதி கோரினாலும், அறிவிப்பு அங்கே வசிக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் வர வேண்டும்; வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. கூட்டம் உழைப்பவன் வரக்கூடிய நேரத்தில், வரக்கூடிய இடத்தில் நடக்க வேண்டும். உள்ளே வேலை செய்யப் போகிறவனின் காதும் மூச்சும் உயிரும் நிபந்தனைப் பட்டியலில் ஏற வேண்டும். அனுமதித்தாலும் மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

இந்த நாலும் இருந்தால் நாய் விடுதி தாராளமாக வரட்டும். நியாயமாகத் தொழில் நடத்துகிறவருக்கு நாம் விரோதிகள் அல்ல. தொழிற்சங்கத் தோழர்களும் வட்டார ஊழியர்களும் இந்த வாரமே தங்கள் வார்டில் விசாரிக்கட்டும்: கடைசியாக எந்தத் தொழிலுக்கு அனுமதி கொடுத்தார்கள், அதைப் பற்றிய அறிவிப்பு யார் கைக்கு வந்தது? பதில் கிடைக்காத வார்டில் நம் வேலை தொடங்கட்டும்.